ஐஸ்கிரீம் பெட்டியில் பீர் குழாய்: அமெரிக்க வீடுகளின் ‘கீசர்’ இயங்குவது எப்படி? ஆபத்து எங்கே?

புதுடெல்லி: மளிகைக் கடை வாசல்களில் ஐஸ்கிரீம் வைத்து விற்கப்படும், மூடி மேல்நோக்கித் திறக்கும் வெள்ளை நிற ஃப்ரீசர் பெட்டியை அறியாதவர் இருக்க முடியாது. அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களின் கார் நிறுத்தும் அறைகளில் இதே பெட்டி வேறொரு கோலத்தில் காணப்படுகிறது. பெட்டிக்கும் மூடிக்கும் இடையே ஒரு மரச்சட்டம் பொருத்தப்பட்டிருக்கும். சட்டத்தின் முகப்பில் மூன்று அல்லது நான்கு குழாய்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே, அழுத்தம் ஏற்றப்பட்ட எஃகுக் கலன்களில் பீர் குளிர்ந்துகொண்டிருக்கும்.

பீர் கலனைக் குறிக்கும் ‘கெக்’ என்ற சொல்லையும் ‘ஃப்ரீசர்’ என்ற சொல்லையும் இணைத்து இதற்கு ‘கீசர்’ என்று பெயரிட்டுள்ளனர். தமிழில் எழுதும்போது குளியலறையில் வெந்நீர் தரும் கீசருக்கும் இதற்கும் வேறுபாடு தெரிவதில்லை. ஒன்று கொதிக்க வைப்பது. மற்றொன்று குளிர வைப்பது. பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்க, இக்கட்டுரையில் இது ‘கெக் பெட்டி’ என்றே குறிப்பிடப்படுகிறது.

பார்வைக்கு எளிய கைவேலையாகத் தோன்றும் இந்த மாற்றத்தில் மின்சாரம், உயர் அழுத்த வாயு, குளிர்பதனம் ஆகிய மூன்றும் ஒரே பெட்டிக்குள் சந்திக்கின்றன. சரியாகச் செய்தால் பல ஆண்டுகள் உழைக்கும். தவறாகச் செய்தால் பீர் உறையலாம்; கம்ப்ரசர் கருகலாம்; கவனிக்கப்படாத வாயுக் கசிவு உயிருக்கே ஆபத்தாகலாம்.

பாட்டில் இருக்கக் கலன் எதற்கு?

வீட்டில் பீர் காய்ச்சுவோர் வழக்கமாக ஒரு தடவைக்கு 5 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் தயாரிக்கின்றனர். இதை 355 மில்லி லிட்டர் பாட்டில்களில் அடைத்தால் 50க்கும் மேற்பட்ட பாட்டில்கள் தேவைப்படும். ஒவ்வொன்றையும் கழுவி, கிருமி நீக்கி, நிரப்பி, மூடியிட வேண்டும். நுரை உண்டாவதற்காக ஒவ்வொரு பாட்டிலிலும் சிறிது சர்க்கரை சேர்க்கப்படும். அளவு கூடினாலோ, நொதித்தல் முடியும் முன்பே அடைத்தாலோ உள்ளே அழுத்தம் பெருகிக் கண்ணாடி வெடித்துச் சிதறும்.

இதற்கு மாற்றாகக் கிடைத்ததுதான் ‘கார்னி கெக்’ எனப்படும் எஃகுக் கலன். கார்னேலியஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயரைச் சுருக்கி இவ்வாறு அழைக்கின்றனர். இது பீருக்காக உருவாக்கப்பட்டதே அல்ல. உணவகங்களுக்குக் குளிர்பானச் சாறு கொண்டுசெல்லப் பயன்பட்ட கலன் இது. பெப்சி ஒருவகை இணைப்பையும் கோகோ கோலா வேறொரு வகை இணைப்பையும் பயன்படுத்தின. அந்த இரு வகைகளும் இன்றுவரை பீர் காய்ச்சுவோரிடையே தனித்தனிப் பிரிவுகளாகத் தொடர்கின்றன. பின்னாளில் குளிர்பான நிறுவனங்கள் அட்டைப் பெட்டிக்குள் நெகிழிப் பை வைக்கும் முறைக்கு மாறியபோது, வேலையற்றுப் போன எஃகுக் கலன்கள் மலிவு விலையில் சந்தைக்கு வந்தன. சுமார் 23 சென்டிமீட்டர் விட்டமும் 63 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட, 19 லிட்டர் பிடிக்கும் கலன், 19 லிட்டர் காய்ச்சுவோருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தியது.

இந்தப் பொழுதுபோக்கு அமெரிக்காவில் சட்டபூர்வமானதும் நெடுங்காலத்துக்கு முன்பல்ல. 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு நீக்கப்பட்ட பிறகு, வீட்டில் ஒயின் தயாரிக்க வழி கிடைத்தது. பீருக்கு அது கிடைக்கவில்லை. 1978 அக்டோபர் 14 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டமே இந்தத் தடையைக் கூட்டாட்சி அளவில் அகற்றியது. தனி நபர் ஆண்டுக்கு 100 கேலனும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வயதுவந்தோர் உள்ள வீடு 200 கேலனும் வரி இன்றித் தயாரிக்கலாம், விற்கக் கூடாது. ஆயினும் மாநிலங்கள் தத்தம் விருப்பப்படியே நடந்தன. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013ஆம் ஆண்டில்தான் இதை அனுமதித்தன.

இந்தியாவில் நிலை வேறு

அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி, மதுபானங்களின் உற்பத்தி, இருப்பு, கொண்டுசெல்லல், விற்பனை ஆகியவை மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. குஜராத், பிகார் போன்ற மாநிலங்களில் முழு மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது. மது விற்பனை நடைபெறும் மாநிலங்களிலும், உரிமம் பெறாமல் மதுபானம் தயாரிப்பது பொதுவாகக் குற்றமே. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமும், மகாராஷ்டிரத்தில் 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமும், டெல்லியில் 2009ஆம் ஆண்டின் கலால் சட்டமும் இதைக் கட்டுப்படுத்துகின்றன. அசாம் உள்ளிட்ட சில மாநிலங்களில் பழங்குடியினர் தங்கள் வீட்டுத் தேவைக்காக அரிசி பீர் தயாரிக்கும் மரபுக்கு விலக்கு அளிக்கப்படுகிறது. நகரவாசியின் பொழுதுபோக்குக்கு அந்த விலக்கு பொருந்தாது. பெங்களூரு, குருகிராம் நகரங்களில் காணப்படும் சிறு பீர் ஆலைகள் உரிமம் பெற்ற வணிக நிறுவனங்கள். அவற்றையும் வீட்டுத் தயாரிப்பையும் ஒன்றாகக் கருத முடியாது.

எனினும், ஃப்ரீசரைக் குளிர்பெட்டியாக மாற்றும் நுட்பத்துக்கும் மதுவுக்கும் கட்டாயத் தொடர்பு எதுவும் இல்லை. சோடா, குளிர்ந்த காபி, பழச்சாறு என அழுத்தத்தில் வைத்துக் குழாய் வழியே பரிமாறும் எந்தப் பானத்துக்கும் இதே அமைப்பைப் பயன்படுத்தலாம். அதன் பயன்களும் அபாயங்களும் எல்லாவற்றுக்கும் பொதுவானவை.

உறைய வைக்கும் இயந்திரத்தை அடக்குவது எப்படி?

வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இயங்குவதற்காக வடிவமைக்கப்படுகிறது. சுமார் 5 சதவீத ஆல்கஹால் கொண்ட பீர், மைனஸ் 2 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கிவிடும். உறையும் நீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைவதால் இணைப்புகளும் குழாய்களும் சேதமடையக்கூடும். பரிமாறுவதற்கு ஏற்ற வெப்பநிலையோ 3 முதல் 5 டிகிரி வரை. ஃப்ரீசரின் சொந்தத் திருகைக் குறைந்தபட்ச நிலையில் வைத்தாலும் பெரும்பாலான பெட்டிகள் அந்த அளவுக்கு ஏறி வருவதில்லை.

இதற்கான தீர்வு வியப்பூட்டும் அளவுக்கு எளியது. ஃப்ரீசரின் உட்பாகங்களில் கை வைக்க வேண்டியதே இல்லை. சுவரில் உள்ள மின் இணைப்புக்கும் ஃப்ரீசரின் பிளக்குக்கும் இடையே ஒரு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்படுகிறது. அதன் உணரி பெட்டிக்குள் இருக்கும். உள்ளே 4 டிகிரிக்கு மேல் ஏறினால் கருவி மின்சாரத்தை அனுமதிக்கும். நிர்ணயித்த அளவுக்கு இறங்கியதும் துண்டிக்கும். எந்நேரமும் மைனஸ் 18 டிகிரியை நோக்கி ஓட முயலும் இயந்திரம், அங்கே சென்று சேரும் முன்பே ஒவ்வொரு முறையும் நிறுத்தப்படுகிறது. ஃப்ரீசர் மாறுவதில்லை, அதற்குக் கட்டளையிடுவது மட்டுமே மாறுகிறது.

இங்கே புதியவர்கள் செய்யும் முதல் தவறு, உணரியைப் பெட்டிக்குள் காற்றில் தொங்கவிடுவது. காற்று நொடிகளில் குளிரும். மூடியைத் திறந்தால் நொடிகளில் வெப்பமடையும். அதை நம்பி இயங்கும் கருவி, கம்ப்ரசரை அடிக்கடி இயக்கி அடிக்கடி நிறுத்தும். கம்ப்ரசர் நின்றவுடன் அதன் ஒரு பக்கம் உயர் அழுத்தமும் மறுபக்கம் குறைந்த அழுத்தமும் இருக்கும். இரண்டும் சமநிலைக்கு வரச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் மீண்டும் மின்சாரம் வந்தால், மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுழல முடியாமல் திணறி வெப்பமடையும். மின்சாரம் போய் உடனே வரும்போது குளிர்சாதனப் பெட்டியை அணைத்து வையுங்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும், அதற்காகவே ஸ்டெபிலைசர்களில் கால தாமத வசதி இருப்பதும் இதே காரணத்தால்தான்.

எனவே உணரியைக் கலனின் பக்கவாட்டில் ஒட்டி, அதன் மேல் நுரைப் பஞ்சுத் துண்டு ஒன்றை வைத்து மூடுகின்றனர். அல்லது தண்ணீர் நிரம்பிய பாட்டிலுக்குள் நுழைத்து விடுகின்றனர். காற்றின் வெப்பநிலையை அல்லாமல் திரவத்தின் வெப்பநிலையைக் கருவி அறிய வேண்டும் என்பதே நோக்கம். அத்துடன் 1 அல்லது 2 டிகிரி இடைவெளியும், குறைந்தது 3 முதல் 5 நிமிடக் கால தாமதமும் கருவியில் அமைக்கப்படுகின்றன. உணரியைக் கலனில் ஒட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அறை வெப்பத்தில் உள்ள புதிய கலனை உள்ளே வைத்து அதிலேயே உணரியையும் ஒட்டினால், அது குளிரும்வரை கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் பக்கத்துக் கலன்கள் அதற்குள் உறைந்துவிடலாம்.

ஒரு கலன் குளிர எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 19 லிட்டர் திரவத்தின் வெப்பநிலையை ஒரு டிகிரி குறைக்க ஏறத்தாழ 80 கிலோ ஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 25 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க 1,600 கிலோ ஜூலுக்கும் மேல். வினாடிக்கு 100 ஜூல் வெப்பத்தை வெளியேற்றும் சிறிய ஃப்ரீசருக்கு இதற்கு நாலரை மணி நேரத்துக்கும் மேல் தேவைப்படும். நான்கு கலன்களை ஒரே நேரத்தில் வைத்தால் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் ஆகும். மறுபுறம், குளிர்ந்த பிறகு இந்தத் திரவமே ஒரு குளிர்ச் சேமிப்பாக மாறுகிறது. மூடியைத் திறக்கும்போது குளிர்ந்த காற்று வெளியேறாது என்பதே மேல்மூடிப் பெட்டியின் சிறப்பாகப் பேசப்படுகிறது. அது உண்மைதான், ஆனால் பெட்டிக்குள் இருக்கும் காற்று மொத்தமாக மாறினாலும் அதைக் குளிர்விக்கச் சில கிலோ ஜூல் போதும். தடிமனான சுவரும், உள்ளே நிற்கும் எடையுமே பெரும் பங்கு வகிக்கின்றன.

மின்செலவிலும் இம்மாற்றம் பாதகமானதல்ல. வெளியே 30 டிகிரி இருக்கையில் மைனஸ் 18 டிகிரியில் இயங்கும் பெட்டிக்கு 48 டிகிரி வேறுபாட்டைத் தாங்க வேண்டியுள்ளது. 3 டிகிரியில் வைத்தால் வேறுபாடு 27 டிகிரிதான். சுவர் வழியே ஊடுருவும் வெப்பம் பாதியைச் சற்றே தாண்டிய அளவுக்குக் குறைந்துவிடும்.

மேல்நோக்கித் திறக்கும் குளிர்பெட்டி இந்தியப் பொதுச் சுகாதாரத் துறைக்குப் பழகிய ஒன்று என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் பாதுகாக்கும் ‘ஐ.எல்.ஆர்.’ பெட்டிகளும் இதே வடிவம் கொண்டவை. அவற்றின் சுவரை ஒட்டிப் பனிக்கட்டி அடுக்கு இருப்பதால், நாளொன்றுக்கு 8 மணி நேரம் மட்டும் மின்சாரம் கிடைத்தாலும் குளிர் குறையாது. அங்கும் அடித்தளமே மிகவும் குளிர்ந்த பகுதி. உறைந்தால் வீணாகிவிடும் பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகளை அடியில் வைக்காமல் மேற்பகுதிக் கூடைகளில் வைக்குமாறு செவிலியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுவது இதனால்தான்.

மரச்சட்டத்தின் வேலை என்ன?

ஃப்ரீசரின் சுவரில் நேரடியாகத் துளையிட்டுக் குழாய் பொருத்தினால் என்ன என்ற கேள்வி எழலாம். மேல்மூடி ஃப்ரீசர்களின் சுவருக்குள் குளிர்பதன வாயு ஓடும் மெல்லிய குழாய்கள் சுற்றப்பட்டுள்ளன. வெளியிலிருந்து அவை கண்ணுக்குத் தெரியா. துளையிடும் கருவியின் முனை ஒரு குழாயைத் தொட்டாலும் பெட்டி அத்துடன் பயனற்றுவிடும். அண்மைக் காலப் பெட்டிகள் பலவற்றில் நிரப்பப்படும் ஐசோபியூட்டேன் தீப்பற்றக் கூடியது என்பதால், சேதம் பெட்டியோடு நின்றுவிடும் என்ற உறுதியும் இல்லை.

அதனால்தான் மரச்சட்டம். மூடியின் கீல்களைக் கழற்றி, பெட்டியின் விளிம்பில் நான்கு பலகைகளால் ஆன சட்டத்தை அமர்த்தி, அதன் மேல் மூடியைப் பொருத்துகின்றனர். துளைகள் அனைத்தும் மரத்தில் மட்டுமே. குழாய், வாயுக் குழல், உணரியின் கம்பி எல்லாம் அதன் வழியே செல்லும். பெட்டியின் உயரமும் கூடுவதால் கலனுக்கு மேலே இணைப்புகள் செருக இடம் கிடைக்கிறது. கம்ப்ரசர் இருக்கும் பக்கத்தில் பெட்டியின் உட்புறத் தரை ஒரு படி போல உயர்ந்திருக்கும். சட்டத்தின் உயரம் இருந்தால் அந்தப் படியின் மீதும் ஒரு சிறிய கலனை நிறுத்தலாம். மரம் ஃப்ரீசர் சுவரைப் போல வெப்பத்தைத் தடுக்காது என்பதால் அதன் உட்புறம் நுரைப் பலகை ஒட்டப்படுகிறது.

சட்டத்தால் ஒரு தொல்லையும் உண்டு. நிரம்பிய கலன் 23 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. அதை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, பின்பு குனிந்து உள்ளே இறக்க வேண்டும். சட்டம் 20 சென்டிமீட்டர் உயரம் என்றால் தூக்க வேண்டிய உயரமும் அந்த அளவு கூடும். முதுகு வலியை அஞ்சுவோர், சட்டத்தைப் பெட்டியோடு இணைக்காமல் மூடியோடு இணைத்துவிடுகின்றனர். மூடியைத் திறக்கும்போது குழாய்களும் சேர்ந்தே மேலெழும். மூடியின் எடை அதிகரிப்பதும், குழல்கள் நீளமாக இருக்க வேண்டியதும் அதற்கான விலை.

நுரையும் ஈரமும்

மூடிய பெட்டிக்குள் குளிர்ந்த காற்று கீழே தங்கும். குழாய்கள் இருக்கும் மேற்பகுதி வெப்பமாகவே இருக்கும். கீழே 3 டிகிரியில் இருக்கும் பீர் வெப்பமான குழல் வழியே ஏறும்போது, கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு பிரிந்து நுரையாகப் பொங்குகிறது. முதல் கோப்பை முழுவதும் நுரை என்பது இப்பெட்டிகள் பற்றி அதிகம் கேட்கப்படும் குறை. கணினியில் பயன்படும் சிறிய மின்விசிறி ஒன்றை உள்ளே வைத்துக் காற்றைக் கலக்கிவிட்டால் இது பெருமளவு தீர்ந்துவிடும். சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள இந்த விசிறி, விலை உயர்ந்த குழாய்களைவிட அதிகப் பயன் தருவது.

வாயுவின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது. திரவத்தின் மேல் வாயுவின் அழுத்தம் கூடக் கூட அதில் கரையும் அளவும் கூடும் என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் ஹென்றி கண்ட விதி. குளிர்ந்த திரவத்தில் இன்னும் எளிதாகக் கரையும். 3 டிகிரியில் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அழுத்தம் தரும் அதே கரைசலை, 20 டிகிரியில் பெற 30 பவுண்டுக்கு அருகில் தேவைப்படும். அது கார் டயரில் ஏற்றப்படும் காற்றழுத்தத்துக்கு ஈடானது. அந்த வேகத்தில் குழாயைத் திறந்தால் கோப்பையில் எஞ்சுவது நுரை மட்டுமே. குளிர் என்பது சுவைக்காக மட்டும் தேவைப்படுவதன்று, வாயுவைப் பானத்துக்குள் அடக்கி வைப்பதும் அதுவே.

ஈரம் மற்றொரு தொல்லை. ஃப்ரீசராக இயங்கும்போது காற்றின் ஈரப்பதம் சுவரில் பனியாக உறைந்து அங்கேயே இருக்கும். 3 டிகிரியில் அது உறைவதில்லை. சுவரில் வியர்த்து, வழிந்து, அடியில் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாவை உள்ளே வைப்பதும், அவ்வப்போது துணியால் துடைப்பதுமே வழி. இந்தியக் கடலோர நகரங்களின் ஈரப்பதத்தில் இத்தகைய பெட்டியை வைப்பவர் யாராக இருந்தாலும், துடைக்கும் துணியை அருகிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத வாயு

பீரைக் குழாய் வழியே தள்ளுவது சிலிண்டரில் உள்ள கார்பன் டை ஆக்சைடு. வீடுகளில் பரவலாகப் பயன்படும் சிறிய சிலிண்டரில் 5 பவுண்டு, அதாவது 2.27 கிலோ இருக்கும். சமையல் எரிவாயு போலவே இதுவும் உள்ளே திரவமாகவே இருக்கிறது. அறை வெப்பத்தில் அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 800 பவுண்டைத் தாண்டும். ரெகுலேட்டர் அதை 12 பவுண்டாகக் குறைத்துக் கலனுக்கு அனுப்புகிறது. சிலிண்டரைக் குளிர்பெட்டிக்குள் வைத்தால் அளவி 550 பவுண்டு அளவையே காட்டும். வாயு தீர்ந்துவருவதாக எண்ணிப் பலர் ஏமாறுவது உண்டு. குளிரால் அழுத்தம் குறைந்ததே தவிர வாயு குறையவில்லை. எவ்வளவு மீதம் உள்ளது என்பதைச் சமையல் எரிவாயு சிலிண்டரைப் போல எடை போட்டே அறிய முடியும்.

ஒற்றுமை இதோடு முடிகிறது. சமையல் எரிவாயு கசிந்தால் மூக்கு எச்சரிக்கும். அதற்காகவே அதில் வாசனைப் பொருள் கலக்கப்படுகிறது. கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் பள்ளமான இடத்தில் தங்கும். மேல்மூடிப் பெட்டியோ பள்ளத்தின் வடிவிலேயே அமைந்தது. குளிர்ந்த காற்றைத் தேக்கி வைக்கும் அதே அமைப்பு, கசிந்த வாயுவையும் தேக்கி வைக்கும்.

இதன் அளவை எண்களில் பார்த்தால் நிலைமை புரியும். சாதாரணக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம். அது 4 சதவீதத்தை எட்டினால் உயிருக்கு உடனடி ஆபத்து என அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ‘நியாஷ்’ வரையறுத்துள்ளது. 200 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டியில் 4 சதவீதம் என்பது 8 லிட்டர் வாயு. அதன் எடை வெறும் 15 கிராம். சிலிண்டரில் இருப்பதோ அதைப்போல 150 மடங்கு. இணைப்பு ஒன்றில் உள்ள ரப்பர் வளையம் தேய்ந்து, வெளியூர் சென்ற சில நாட்களில் சிலிண்டர் முழுவதும் காலியாகியிருப்பதைத் திரும்பி வந்து கண்டறிவோர் அரிதல்ல. அந்த நிலையில் மூடியைத் திறந்து, கலனைத் தூக்கத் தலையை உள்ளே நுழைத்துக் குனிபவர் மூச்சு இழுக்கும் முதல் காற்றே ஆபத்தானதாக இருக்கலாம்.

பெட்டிக்கு வெளியேயும் பாதுகாப்பு உறுதி இல்லை. 2.27 கிலோ வாயு அறை வெப்பத்தில் 1,200 லிட்டருக்கும் மேல் விரியும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் பத்து அடி கொண்ட மூடிய அறையின் கொள்ளளவு சுமார் 28,300 லிட்டர். ஒரு சிலிண்டர் முழுவதும் அங்கே கசிந்தால் அளவு 4 சதவீதத்தைத் தாண்டிவிடும். அமெரிக்காவின் அகன்ற கார் அறைக்கும், ஜன்னல் மூடிய அடுக்குமாடிப் படுக்கையறைக்கும் உள்ள வேறுபாடு இது. ஆக்சிஜன் குறைவதால் மட்டும் இது கொல்வதில்லை. அதிக அளவில் இந்த வாயுவே நச்சு. தலைவலி, மூச்சுத் திணறல், படபடப்பு ஆகியவை தொடக்க அறிகுறிகள். 10 சதவீத அளவில் சில நிமிடங்களில் நினைவிழப்பு ஏற்படும்.

எனவே அனுபவம் வாய்ந்தவர்கள் சிலிண்டரைப் பெட்டிக்குள் வைப்பதைத் தவிர்க்கின்றனர். வெளியே, சாயாதபடி சங்கிலியால் கட்டி நிறுத்தி, மரச்சட்டத்தில் இட்ட துளை வழியே குழலை மட்டும் உள்ளே செலுத்துகின்றனர். ஒவ்வொரு முறை கலன் மாற்றிய பின்பும் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்கின்றனர். பயன்படுத்தாத நாட்களில் சிலிண்டரின் வால்வை மூடிவிடுகின்றனர். அமெரிக்காவில் இந்தச் சிலிண்டர்களை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும்; தேதி கடந்ததை நிரப்புநர் ஏற்கமாட்டார். இந்தியாவில் சிலிண்டர்கள் 2016ஆம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகளுக்கு உட்பட்டவை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பெசோ’ அமைப்பு அவற்றைக் கண்காணிக்கிறது.

வாயு அளவு உயர்ந்தால் ஒலி எழுப்பும் கருவியை வாங்குவோர், அதைச் சுவரின் மேற்பகுதியில் மாட்டக் கூடாது. கனமான வாயு முதலில் தரையை ஒட்டியே பரவும் என்பதால், பெட்டிக்கு அருகே தாழ்வாகப் பொருத்த வேண்டும். பல நாட்கள் மூடியிருந்த பெட்டியைத் திறக்கும்போது முதலில் அறையின் கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டு, மூடியை உயர்த்தி, உள்ளே இருக்கும் விசிறியை ஓடவிட்டுச் சில நிமிடங்கள் விலகி நிற்க வேண்டும். அதன் பிறகே குனிந்து கலனைத் தொட வேண்டும்.